கூடாரத்து இரவும் "ஏதோ பூச்சி" கடித்த காலையும்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் இரண்டு குடும்பமாகத் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப் போகிறோம். பகலில் மலையேற்றமும் உண்டு. எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மனைவிக்குச் சிலந்தி என்றால் பயம். எனக்குப் பாம்பை நினைத்துக் கவலை. என்னென்ன முன்னெச்சரிக்கைகள் தேவை, டாக்டர்? – வாசகர், திண்டுக்கல்.

பதில்: உங்கள் கவலைதான் நியாயமானது. நம் மலைகளில் மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச்சிலந்தி கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும் என்றாலும், உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. "சிலந்திக்கடி" என்று சொல்லி என்னிடம் காட்டப்படும் கொப்புளங்களில் பல, அக்கியாகவோ, தோலில் நசுங்கிய வண்டின் நீர் பட்ட புண்ணாகவோதான் இருக்கும். ஆனால் மலையிலிருந்து திரும்பிய ஒன்றிரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்து, அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதைப் போன்ற வலியில்லாத கறுப்புப் பொருக்கு தெரிந்தால், அது சிலந்தியின் வேலையன்று. புதர்களில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணியால் பரவும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் எளிதாகக் குணமாகும் இந்நோய், கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

பாம்புகளில், கூடாரத்தில் தங்குபவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது படமெடுத்து எச்சரிக்கும் நல்ல பாம்பை அல்ல, இரவில் ஓசையின்றித் திரியும் கட்டுவிரியனைத்தான். தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியிராது, வீக்கமிராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலியோடும் வாந்தியோடும் வந்த ஓர் இளைஞரை, இரவு சாப்பிட்ட பரோட்டாவின் கோளாறு என்றே உடன் வந்தவர்கள் நம்பியிருந்தார்கள். "ராத்திரி ஏதோ பூச்சி கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று அவர் முனகியபோதுதான், அவருடைய இமைகள் பாதிக்கு மேல் திறக்க மறுப்பதை நான் கவனித்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் செயற்கை சுவாசம் தேவைப்பட்டது. இரவில் பாம்பின் பெயரைச் சொல்லாமல் "பூச்சி" என்றே சொல்லிப் பழகிய ஊர்களில் இந்தச் சொல்லை மருத்துவர்கள் அலட்சியப்படுத்தவே கூடாது.

எனவே அடித்தரை சேர்த்துத் தைக்கப்பட்ட கூடாரமாகப் பார்த்து வாங்குங்கள். ஜிப்பை எப்போதும் முழுமையாக மூடிவையுங்கள். எலியைத் தேடித்தான் பாம்பு வரும் என்பதால் மிச்ச உணவைக் கூடாரத்துக்குள்ளோ அருகிலோ வைக்க வேண்டாம். சுற்றிலும் பூண்டோ உப்போ தூவுவதும், சிறியாநங்கைச் செடி இருக்கிறதே என்று தைரியம் கொள்வதும் பயனற்றவை. இருட்டில் சிறுநீர் கழிக்கப் போகும் பிள்ளையின் கையில் டார்ச்சும் காலில் மூடிய ஷூவும் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. ஷூவை ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்த பிறகே அணிய வேண்டும். விறகு பொறுக்கும்போது கட்டையைக் கோலால் புரட்டிப் பார்க்காமல் அடியில் கைவிடக் கூடாது. காபிச் செடிக் கிளைகளிலும் பச்சைநிறக் குழிவிரியன் அசையாமல் சுருண்டிருக்கும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ ஒரு குச்சியோடு தளர்வாகச் சேர்த்துக் கட்டி அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தோட்டத்தில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், எங்கே நின்றால் கிடைக்கிறது என்பதையும், பாம்பு விஷமுறிவு மருந்தோடு செயற்கை சுவாச வசதியும் உள்ள அரசு மருத்துவமனை எது என்பதையும் முதல் நாளே விசாரித்து வையுங்கள். இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் காரை இறக்க வேண்டி வரலாம். பெரியவர்களில் ஒருவராவது இரண்டு இரவும் மது அருந்தாமல் இருப்பது நல்லது. வலிக்குப் பாராசிட்டமால் தரலாம். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் தரக் கூடாது. பாம்பை அடித்து எடுத்துவரும் முயற்சியில் இரண்டாவது ஆளும் கடிபட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை; "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பாட்டிலா?" என்று பதற வேண்டாம். நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகவே தயாரிக்கப்படுகிறது. மலைத்தோட்டத்துக் குழிவிரியன்களுக்கு அதை நம்ப முடியாது. அவற்றின் கடியில் இரத்தம் உறையும் தன்மையையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆகவே மருத்துவரிடம் "ஏதோ கடித்தது" என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, செடியருகில் நின்றபோதா தரையில் படுத்திருந்தபோதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் 24 மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள்.