24 கணினி, ஒரே ஆசிரியர்: லேபில் லினக்ஸ் ஏற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் 24 கணினிகள் இருக்கின்றன. எல்லாம் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். ஆசிரியருக்கென்று 16 ஜிபி ரேமுடன் ஒரு கணினி தனியாக உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றுவிட்டது, 11 இவற்றில் ஏறாது என்பதால் லினக்ஸுக்கு மாற முடிவு செய்திருக்கிறோம். எந்த லினக்ஸ் நல்லது? 24-லும் தனித்தனியாக உட்கார்ந்து நிறுவ வேண்டுமா? மாணவர்கள் ஐகான்களை அழிப்பது, வால்பேப்பரை மாற்றுவது இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? விண்டோஸையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாமா? லேபைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவர்தான். அதோடு வகுப்புகளும் எடுக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பார்த்துக்கொள்ள ஒருவர்தான். அதனால் எந்த லினக்ஸ் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி இது: திங்கட்கிழமை முதல் வகுப்பில் 17ஆம் நம்பர் கணினி எழுந்திருக்க மறுக்கிறது, மாணவர்கள் வாசலில் நிற்கிறார்கள், பத்து நிமிடத்துக்குள் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உங்களிடம் என்ன வழி இருக்கிறது? இதற்குப் பதில் இருந்தால் எந்த லினக்ஸும் ஓடும். இல்லாவிட்டால் எதைப் போட்டாலும் ஆறு மாதத்தில் 24 கணினியும் 24 விதமாக நிற்கும்.

ஆகவே விதி ஒன்றுதான். ஒரே ஒரு கணினியைக் கையால் அமைப்போம், மற்ற 23-ம் அதன் நகல்கள். நகலில் எதையும் கையால் திருத்தக் கூடாது.

இந்த நகல் வேலைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று எல்டிஎஸ்பி. 1999-இல் தொடங்கிய திட்டம் இது. லேப் கணினிகளில் டிஸ்க்கே தேவையில்லை. சர்வரில் இருக்கும் ஒரே பிம்பத்தை, அதாவது இயங்குதளமும் மென்பொருள்களும் அடங்கிய ஒரே நகல் கோப்பை, நெட்வொர்க் வழியாக எடுத்து எல்லாம் பூட் ஆகும். சர்வரில் ஒரு முறை மாற்றினால் அடுத்த பூட்டில் 24-லும் மாறிவிடும். கேட்க அழகாக இருக்கிறது, எனக்கும் பிடித்த முறைதான். ஆனால் உங்கள் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ். ஒரு கணினி லாகின் திரை வரை வர 500 எம்பி இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-க்கும் சேர்த்து 12 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 11 எம்பி சொச்சம்தான் போகும், ஆக 17 நிமிடத்துக்கு மேல். பாதி வகுப்பு முடிந்துவிடும். கிகாபிட் ஸ்விட்ச் என்றால் இதே வேலை இரண்டு நிமிடத்துக்குள் முடியும். பின்னால் ஸ்விட்சை மாற்றினால் எல்டிஎஸ்பி பற்றி யோசியுங்கள், இப்போது வேண்டாம்.

இன்னொரு வழி குளோனிங். குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருள் ஒரு டிஸ்க்கை அப்படியே படமெடுத்து மற்ற டிஸ்க்குகளில் பதித்துவிடும். பென்டிரைவில் இருந்து ஒவ்வொன்றாகவும் செய்யலாம். அதன் லைட் சர்வர் முறையில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவும் செய்யலாம். ஒரே தரவு ஒரே தடவைதான் கேபிளில் போகும், எல்லாம் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். அதனால் 100 எம்பிபிஎஸ் இங்கே பெரிய தடை இல்லை. 8 ஜிபி பிம்பம் கால் மணி நேரத்தில் போய்விடும். உங்களுக்கு இதுதான் சரி.

இப்போது எந்த லினக்ஸ்? லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ (எடை குறைந்த டெஸ்க்டாப்) பதிப்பைச் சொல்வேன். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ரேமில் எக்ஸ்எஃப்சிஇ சுலபமாக ஓடும். பள்ளிக்கென்றே எடுபுண்டு, டெபியன் எடு எல்லாம் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். எடுபுண்டு க்னோம் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறது. உங்கள் ரேமுக்கு அது கனம். டெபியன் எடு முழுப் பள்ளிக்கும் சர்வரோடு சேர்த்துத் திட்டமிட்ட பெரிய ஏற்பாடு. ஒருவர் தனியாகத் தொடங்க அது அதிகம். மின்டில் இன்னொரு சௌகரியம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஸ்னாப் (உபுண்டுவின் தனிவகை மென்பொருள் பொதி) ஆக இல்லாமல் வழக்கமான பொதியாகவே வருகிறது. பழைய டிஸ்க்கில் ஸ்னாப் பொதி முதல் தடவை திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மாணவர்கள் அதை ஆறு தடவை கிளிக் செய்துவிடுவார்கள். அப்புறம் ஆறு ஜன்னலும் ஒன்றாக வந்து விழும்.

நிறுவும் முன் வன்பொருளை ஒரு சுற்றுப் பாருங்கள். பணம் கொஞ்சம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள், ரேம் அதற்கு அடுத்தது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட ஐ3 புதுக் கணினி போல நடந்துகொள்ளும். 120 ஜிபி அளவே லேபுக்குத் தாராளம். மாதிரிக் கணினியை இருப்பதிலேயே சின்ன டிஸ்க்கில் அமையுங்கள். குளோன்ஜில்லா பெரிய டிஸ்க்கில் இருந்து சின்ன டிஸ்க்குக்குப் பதிக்கத் தகராறு செய்யும்.

பயாஸில் மூன்று விஷயம். பூட் முறை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். சிலது லெகசி என்ற பழைய முறை, சிலது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை என்று கலந்து கிடந்தால் பதித்த டிஸ்க் பாதிக் கணினிகளில் எழுந்திருக்காது. டிஸ்க் முறை ரெய்டு என்றிருந்தால் ஏஎச்சிஐ ஆக்குங்கள், இல்லையேல் லினக்ஸ் நிறுவிக்கு டிஸ்க்கே கண்ணில் படாமல் போகலாம். மூன்றாவது, எல்லாவற்றிலும் நிறுவி முடித்த பிறகு பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, பென்டிரைவில் இருந்து பூட் ஆவதை அடைத்துவிடுங்கள்.

தேதியையும் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் போட்டதும் ஒரு கணினி பழைய தேதிக்குப் போய்விட்டால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். லினக்ஸ் இணையத்தில் இருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்தான். ஆனால் அதற்கு முன்பே பயாஸ் எஃப்1 அழுத்து என்று கேட்டு நிற்கும். போட்டு வைத்த பூட் வரிசையையும் மறந்திருக்கும். இதை லினக்ஸ் கோளாறு என்று நினைத்து ஒரு மத்தியானத்தையே தொலைத்தவன் நான்.

மாதிரிக் கணினிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் ஒவ்வொரு தவறும் 24-ஆகப் பெருகும். நிர்வாகக் கணக்கு ஒன்று. அதன் கடவுச்சொல் உங்களிடம் மட்டும். மாணவர்களுக்கு சுடோ, அதாவது நிர்வாகியாகக் கட்டளையிடும் அதிகாரமே கிடையாது. எதையாவது நிறுவுகிறார்கள் என்ற பிரச்சினை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஐகான் அழிப்பு, வால்பேப்பர் மாற்றலுக்கு விருந்தினர் அமர்வு இருக்கிறது. மின்டில் லாகின் விண்டோ அமைப்பில் போய் விருந்தினரை அனுமதித்தால் போதும். மாணவர் உள்ளே வந்து டெஸ்க்டாப்பைத் தலைகீழாக்கட்டும். வெளியேறியதும் அத்தனையும் அழிந்து, அடுத்தவருக்குப் புத்தம் புதிதாக வரும். தடுத்துக்கொண்டே இருப்பதைவிட அழிந்துபோக விடுவது எவ்வளவோ நிம்மதி.

அழிவது மாணவரின் வேலையும் சேர்த்துத்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் கணினியில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் மூலம் வகுப்புக்கு ஒரு ஃபோல்டர் பகிர்ந்து, பாடம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எல்லாரையும் அதில் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு, மேல் வகுப்பு மாணவர்களுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுக்கலாம்.

குறுக்குவழி ஒன்றும் செய்து பார்க்கத் தோன்றும்: ‘மாணவர்’ என்று ஒரே கணக்கு, அதன் ஹோம் ஃபோல்டரை சர்வரில் வைத்து 24 கணினியிலும் அதையே திறப்பது. நான் செய்து பார்த்திருக்கிறேன். முதல் மாணவி ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தாள், வந்தது. இரண்டாவது மாணவனுக்கு ‘ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்ற செய்தி. மூன்றாவது, நான்காவது எல்லோருக்கும் அதேதான். ஒரே பயனர் விவரத் தொகுப்பை ஒரு நேரத்தில் ஒரு ஃபயர்ஃபாக்ஸ்தான் திறக்க முடியும் என்பதால் அது பூட்டிக்கொள்கிறது. அந்த வகுப்பு முழுக்க டக்ஸ் பெயின்டில் படம் வரைந்தோம்.

மென்பொருள் பட்டியலைப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். லிப்ரேஆஃபீஸ் ஏற்கெனவே இருக்கும். அதில் சேமிக்கும் வடிவத்தை டாக்எக்ஸ் என்று முன்னிருப்பாக மாற்றிவிட்டால் வீட்டில் வேர்டு வைத்திருப்பவர்களோடு சண்டை இல்லை. கார்லிட்டோ, கலடியா எழுத்துருக்களைச் சேருங்கள். கலிப்ரி, கேம்ப்ரியா இருந்த இடத்தில் அதே அகலத்தில் உட்காரும், பக்கம் தள்ளிப்போகாது. பைத்தானுக்குத் தானி, கணக்குக்கு ஜியோஜீப்ரா, சின்னக் குழந்தைகளுக்கு ஜிகாம்ப்ரி. ஸ்க்ராட்ச் ஆஃப்லைன் செயலிக்கு அதிகாரபூர்வ லினக்ஸ் பதிப்பு கிடையாது. டர்போவார்ப் அதே கோப்புகளைத் திறக்கும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

வகுப்பை மேய்க்க எபோப்டீஸ் என்ற மென்பொருள். ஆசிரியர் திரையில் 24 கணினிகளும் சின்னச் சின்னப் படமாகத் தெரியும். எல்லாத் திரையையும் பூட்டலாம், உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டலாம், மணி அடித்ததும் மொத்தமாக அணைக்கலாம். இதன் கிளையன்ட் பகுதியை மாதிரிக் கணினியிலேயே நிறுவி, ஆசிரியர் கணினியின் சான்றிதழையும் (அதை அடையாளம் காட்டும் கோப்பு) எடுத்து வைத்துவிட்டு அப்புறம் படமெடுங்கள். இது எக்ஸ்11 என்ற திரைக்காட்சி முறையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யில் முன்னிருப்பே அதுதான் என்பதால் கவலை இல்லை.

படமெடுக்கும் முன் செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் மெஷின்-ஐடி என்று ஒரு தனி எண் உண்டு. இடிசி கோப்புறையில் ஒரு சின்னக் கோப்பாக இருக்கும். அப்படியே குளோன் செய்தால் 24-க்கும் ஒரே எண். சில லினக்ஸ் அமைப்புகள் ஐபி முகவரி கேட்கும்போது இந்த எண்ணைத்தான் தன் அடையாளமாகக் கொடுக்கும். ‘இவருக்குத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே’ என்று ரவுட்டரும் அதே முகவரியை மறுபடி நீட்டும். இரண்டு கணினிக்கு ஒரே ஐபி. ஒன்றில் இணையம் வந்தால் மற்றதில் போகும். கேபிளை மாற்றிப் பார்ப்பீர்கள், ஸ்விட்சைத் திட்டுவீர்கள், காரணம் மட்டும் பிடிபடாது. அந்தக் கோப்பைக் காலியாக்கி வையுங்கள், ஆனால் கோப்பையே நீக்கிவிட வேண்டாம். அடுத்த பூட்டில் ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒரு எண்ணை உருவாக்கிக்கொள்ளும். எஸ்எஸ்எச் (வேறு கணினியில் இருந்து உள்ளே நுழைந்து கட்டளையிடும் வழி) சாவிகளையும் ஒவ்வொன்றிலும் புதிதாக உருவாக்க வேண்டும். கணினியின் பெயரை லேப்01, லேப்02 என்று மாற்றி, அதே எண்ணைப் பெட்டியின் மேல் பெரிதாக ஒட்டுங்கள். ‘சார், என்னோடது வரல’ என்று குரல் கேட்கும்போது அந்த ஸ்டிக்கர் கைகொடுக்கும்.

பதித்து முடித்த பிறகு வரும் மாற்றங்களுக்கு மறுபடி குளோன் செய்யத் தேவையில்லை. ஆசிரியர் கணினியில் அன்சிபிள் வைத்துக்கொண்டால், ‘எல்லாவற்றிலும் இந்த மென்பொருளைப் போடு’ என்று ஒரே கட்டளையில் முடித்துவிடலாம். லேப் கணினிகளில் எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் அதற்குப் போதும். அப்டேட்டுக்கு ஆசிரியர் கணினியிலேயே ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். 300 எம்பி அப்டேட் என்றால் 24 தடவை இறக்கி 7 ஜிபி-க்கு மேல் போகாமல், ஒரு தடவை இறங்கி அங்கிருந்தே எல்லாருக்கும் போகும். அப்டேட்டை வகுப்பு இல்லாத நேரத்தில் ஓட்டுங்கள். பாதியில் யாராவது பவர் பட்டனை அழுத்தினால் பொதிகள் அரைகுறையாக நிற்கும். சரிசெய்யக்கூடியதுதான், ஆனாலும் வேண்டாத வேலை.

17ஆம் நம்பருக்கு வருவோம். பதித்த எஸ்எஸ்டி ஒன்று கூடுதலாக மேசை டிராயரில் இருக்கட்டும். பழையதைக் கழற்றி இதை மாட்டுங்கள், பெயரை மாற்றுங்கள், அவ்வளவுதான். கோளாறு என்னவென்று சாயங்காலம் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸை ஓரமாக வைக்கலாமா என்றால், லேப் கணினிகளில் வேண்டாம். இரண்டும் இருந்தால் பிம்பம் பெரிதாகும், பூட் பட்டியலில் மாணவர்கள் தெரிந்த பெயரையே தேர்ந்தெடுப்பார்கள், கடைசியில் நீங்கள் இரண்டு லேபைப் பராமரிப்பீர்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதாவது தவிர்க்கவே முடியாததாக இருந்தால், ஒரே ஒரு கணினியை அதற்கென்று ஒதுக்கி, நெட் கேபிளைக் கழற்றிவிட்டு மூலையில் வையுங்கள். பிரின்டரை மட்டும் முடிவெடுப்பதற்கு முன்பே மின்ட் பென்டிரைவில் பூட் செய்து ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள். பழைய லேசர் பிரின்டர்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது, அப்படியானால் மூலையில் நிற்கும் அந்த விண்டோஸ் கணினியோடு அதையும் சேர்த்துவிட வேண்டியதுதான்.