13 நிணநீர் முடிச்சுகளை மட்டும் எடுத்தது குறைவா?

உணவுக்குழாய்ப் புற்றுக்காக உங்கள் தந்தைக்குக் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்த பிறகு உணவுக்குழாயை அகற்றியிருக்கிறார்கள் என்றும், நோயியல் அறிக்கையில் (வெட்டியெடுத்ததை ஆய்வகத்தில் சோதித்துத் தரும் அறிக்கை) 13 நிணநீர் முடிச்சுகளே (புற்று முதலில் பரவக்கூடிய சிறு சுரப்பிகள்) இருப்பதால் அவருடைய ஆயுள் குறையுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். குறை சொல்ல வருபவர்கள் இதை முதலிலேயே குறித்துக்கொள்ளலாம்.

என் அம்மாவின் அறிக்கையில் 34 முடிச்சுகள். அவற்றுள் இரண்டில் புற்று. கேட்டவர்களிடமெல்லாம் அந்த 34-ஐப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதே நாள்களில்தான் அம்மாவின் குரல் காற்றாகிப் போயிருந்தது. குரல்வளைக்குப் போகும் நரம்பை ஒட்டியே சில முடிச்சுகள் இருப்பதால், அவற்றைச் சுத்தமாக எடுக்கும்போது நரம்பு அடிபடுவதுண்டாம். எங்களை அழைக்கக் கட்டில் சட்டத்தில் கரண்டியால் தட்டுவார். தண்ணீர்கூடப் புரையேறும் என்பதால் தாடையை நெஞ்சில் பதித்து ஒவ்வொரு மிடறாக விழுங்குவார். நரம்பைப் பற்றியதையெல்லாம் நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அறிக்கையைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை விளக்காமல் அடுத்தவரை அழைத்துவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

குறைந்தது 15 முடிச்சுகள் வேண்டும் என்று நீங்கள் படித்தது, முன்சிகிச்சை (அறுவைக்கு முன் தரும் கீமோவும் கதிர்வீச்சும்) இல்லாமல் நேரடியாக அறுவைக்குப் போனவர்களின் நோய்நிலையை, அதாவது புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சரியாகக் கணிப்பதற்கான அளவு. 23 முடிச்சுகளாவது எடுக்க வேண்டும் என்று சொன்ன 2008-ஆம் ஆண்டு ஆய்வும் அத்தகையவர்களைப் பற்றியதே. நேரடி அறுவையையும் முன்சிகிச்சைக்குப் பிந்தைய அறுவையையும் ஒப்பிட்ட நெதர்லாந்தின் கிராஸ் (CROSS) ஆய்வில் பங்கேற்றவர்களைப் பிரித்துப் பார்த்தபோது, நேரடியாக அறுவை செய்துகொண்டவர்களிடம் அதிக முடிச்சுகளுக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பு தெரிந்தது. கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களிடம் அது தெரியவில்லை. தவிர, நிறைய முடிச்சுகளைத் தேடினால் ஒளிந்திருக்கும் புற்றும் அகப்பட்டு, அந்த நோயாளி நோய் முற்றிய நிலைக்கு மாற்றப்படுவார். முந்தைய நிலையிலிருந்து மோசமானவர்கள் விலக, முற்றிய நிலையில் அங்கிருப்போரைவிட லேசானவர்கள் சேர்வதால், யாருடைய ஆயுளும் கூடாமலே இரு நிலைகளின் கணக்கும் முன்பைவிட நன்றாகத் தோன்றும். கொழுப்புக்குள் புதைந்த முடிச்சுகளை ஆய்வகத்தில் எவ்வளவு பொறுமையாகத் தேடினார்கள் என்பதும் முடிச்சுகளின் எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

எனவே 13-ஐ விட்டுவிட்டு, அந்தப் பதின்மூன்றில் எத்தனையில் புற்று இருந்தது என்று பாருங்கள். ஒன்றுமில்லை, 1 முதல் 2, 3 முதல் 6, 7 அல்லது அதற்கு மேல் என்றுதான் நிலை பிரிக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் புற்று இல்லையா, முன்சிகிச்சைக்குப் பின் கட்டியில் உயிருள்ள செல்கள் எவ்வளவு மிஞ்சின என்ற இரண்டையும் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அவசரப்பட்டாலும் எழுந்துவிடாதீர்கள்.