பட்டியலை எடுத்துவிட்டு மனுவைக் கொடுங்கள்

கேள்வி: என் மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாம் வகுப்புக் கணக்குகளை யார் உதவியும் இல்லாமல் போட்டுவிடுகிறாள். இவளைப் போன்ற 22 பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுசேர்ந்து, மீத்திறன் மாணவர்களுக்கு அரசு தனி நிதி ஒதுக்கிச் சிறப்பு வகுப்பு நடத்த வேண்டும் என்று, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் இணைத்து மனு எழுதியிருக்கிறோம். “எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளைகள் இருக்கும்போது இது தேவையா?” என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் கோரிக்கை தவறா?
– ஒரு தாய், வியாசர்பாடி.

பதில்: கோரிக்கை தவறில்லை. அதனுடன் இணைத்திருக்கும் பட்டியல்தான் தவறு.

முதலில் உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் புளியந்தோப்பில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் கரும்பலகையில் ஐந்து பின்னக் கணக்குகளை எழுதி முடிப்பதற்குள், இரண்டாம் வரிசையில் இருந்த சிறுவன் நான்கைப் போட்டுவிட்டான். ஐந்தாவதையும் முடித்து நோட்டை மூடியவனுக்குக் கிடைத்த அடுத்த வேலை, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையின் ஓரத்தில் எழுதுவது. அந்தப் பாடவேளை முடியும்வரை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றுகொண்டே இருந்தான். ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். மற்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் கணக்கே விளங்காத நிலையில், அவர் அவர்கள் பக்கம்தான் போயாக வேண்டும். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் இருக்கும் இடத்திலிருந்து கற்பிக்க அரசே வழிசெய்தது. அரும்பில் நிற்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு நியாயமோ, மலரைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கும் அவ்வளவு நியாயம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. 2023 முதல், முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு வழியாக அரசுப் பள்ளி மாணவர்கள் ஆயிரம் பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பெயரே சொல்வதுபோல, கிராமப்புறத்துக்கானது; வியாசர்பாடிப் பிள்ளை அதை எழுத முடியாது. இவை எல்லாமே உதவித்தொகைகள். பணம் வீட்டுக்கு வருகிறது, நல்லதுதான். ஆனால் அந்தச் சிறுவனுக்கு ஆறாவது கணக்கைக் கொடுக்கும் ஆசிரியரை அது வகுப்பறைக்குக் கொண்டுவருவதில்லை. அதுவும் எட்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

இனி பட்டியலுக்கு வருவோம். அந்த 22 பேர் யாருடைய பிள்ளைகள்? வேலை நாளில் நேரம் ஒதுக்கிக் கூடிப் பேசவும், மனுவைப் படித்துக் கையெழுத்திடவும் முடிந்த பெற்றோரின் பிள்ளைகள். விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துக் கூடையைச் சுமக்கும் தாய்க்கு, தன் மகன் பின்னக் கணக்கை மனத்துக்குள்ளேயே போடுகிறான் என்பது எப்படித் தெரியும்? 2024இல் உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டும் அவருடைய தந்தையே கேரம் கற்றுக்கொடுப்பவர். வீட்டிலேயே கண்டுகொள்ள ஒருவர் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளையைக் கண்டுகொள்வதற்குத்தான் அரசின் பணம் வேண்டும்.

இதை நான் அனுமானத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவர்ட் மாவட்டத்தில், மீத்திறன் வகுப்புக்குப் பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டுமே முன்பு சோதித்தார்கள். 2005 அளவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதிக்கத் தொடங்கியபோது, தகுதி அளவைத் தளர்த்தாமலேயே, ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் முன்பைவிடக் கணிசமாக அதிக எண்ணிக்கையில் தேறினார்கள். அதுவரை அவர்களை யாரும் பரிந்துரைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பட்டியலை எடுத்துவிட்டு, மண்டலத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், பெற்றோர் விண்ணப்பிக்கத் தேவையில்லாமல், தமிழிலேயே ஒரு திறனறி சோதனை நடத்த வேண்டும் என்று கேளுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. கணக்கில் முந்தி மொழியில் பிந்தும் பிள்ளை அதில் விடுபட்டுப்போகும். தனிப் பள்ளியும் வேண்டாம். 1984 முதல் சில பள்ளிகளில் மட்டும் மீத்திறன் வகுப்புகளை நடத்திவந்த சிங்கப்பூரே, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் பிள்ளைகளைத் தானே கண்டறிந்து கற்பிக்கும் முறைக்கு மாறப்போவதாக 2024இல் அறிவித்தது. பள்ளி பள்ளியாகச் சென்று வாரத்தில் சில பாடவேளைகள் கற்பிக்கும் ஆசிரியர்களை மண்டலத்துக்கு நியமிக்கச் சொன்னால், கொடுங்கையூர்ப் பிள்ளை கொடுங்கையூரிலேயே படிக்கலாம். தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பொறுப்புள்ள பெண் பிள்ளைக்கு இது மிகவும் முக்கியம்.

மனுவை யாரிடம் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசும் உள்ளாட்சியும் தரும் மானியத்துக்கு அடிப்படை என்று சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. 22 கையெழுத்துள்ள மனுவை அதிகாரி வாங்கிக் கோப்பில் வைத்துவிடலாம். குழுவின் தீர்மானமாகத் திட்டத்தில் ஏறிய கோரிக்கைக்கு அவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்று நீங்கள் வலியுறுத்த முடியும். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் குழுக்களும் அதே தீர்மானத்தை நிறைவேற்றட்டும். வார்டு கவுன்சிலரிடம் அந்த நகல்களோடு போங்கள்.

இதற்கெல்லாம் நாளாகும். உங்கள் மகளின் கணக்கு ஆசிரியரை இந்த வாரமே பாருங்கள். பாடநூல்கள் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அவள் வகுப்பிலேயே திறந்துவைத்துப் போட அனுமதி கேளுங்கள். பலகையில் பெயர் எழுதும் வேலை அவளிடம் இருந்தால், அதை வேறொருவருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.