'டீப்பஸ்ட் பர்ப்பிள்': டீப் பர்ப்பிளின் 1980 தொகுப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் பெயரில் எத்தனையோ தொகுப்புகள் இருக்கின்றன. 'டீப்பஸ்ட் பர்ப்பிள்' மட்டும் தனித்துப் பேசப்படுவது ஏன்?

பதில்: அது வெளிவந்த வேளைதான் முதற்காரணம். 1976இல் குழு கலைந்துவிட்டாலும் அதிலிருந்தவர்கள் ஓய்ந்துவிடவில்லை. கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் ரெயின்போ குழுவை நடத்திவந்தார். பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் குளோவர் அவருடன் இருந்தார். பாடகர் டேவிட் கவர்டேலின் ஒயிட்ஸ்நேக் குழுவில் ஆர்கன் கலைஞர் ஜான் லார்டும் டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸும் சேர்ந்திருக்க, கவர்டேலுக்கு முன் பாடிய இயன் கிலன் தம் பெயரிலேயே ஒரு குழு வைத்திருந்தார். போதாக்குறைக்கு, பிரிட்டனில் ஹெவி மெட்டல் என்னும் கனத்த ராக் இசையின் புதிய அலை எழுந்திருந்தது. இவற்றைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்கு மூலம் எது என்று அறியும் ஆவல் இருந்த நேரத்தில் இந்த இசைத்தட்டு கடைக்கு வந்தது. 1980 ஆகஸ்ட்டில் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் அது முதலிடத்தைத் தொட்டது. அடுத்து அவ்விடத்திற்கு வந்தது ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்'. இல்லாத ஒரு குழுவின் பழைய பாடல்கள் அந்த ஆண்டில் அந்த இடத்தில் நின்றன என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: 1968இல் அமெரிக்காவில் நான்காம் இடம் வரை சென்ற 'ஹஷ்' பாடல் இதில் இல்லையே. தவறவிட்டுவிட்டார்களா?

பதில்: தவறவிட்டதாகத் தோன்றவில்லை. இதிலுள்ள 12 பாடல்களும் 1970க்கும் 1974க்கும் இடைப்பட்டவை. ராட் எவன்ஸ் பாடிய முதல் அணி அமெரிக்காவில் பெற்ற வரவேற்பைத் தாய்நாட்டில் பெறவில்லை. பிரிட்டன் ரசிகருக்கு டீப் பர்ப்பிள் என்பதே கிலனும் குளோவரும் வந்த பிறகு பிறந்த குழுதான். மறுமுனையில், பிளாக்மோர் விலகியபின் டாமி போலின் கிட்டார் வாசித்த 'கம் டேஸ்ட் தி பேண்ட்' ஆல்பத்திலிருந்தும் ஒரு பாடல்கூட இல்லை. ஆக, பிளாக்மோரும் லார்டும் பெய்ஸும் ஒன்றாக இருந்த நடுக்காலமே குழுவின் முழு வரலாறு என்று இத்தொகுப்பு சொல்லாமல் சொல்கிறது. இதே 1980இல் அந்த எவன்ஸ், வேறு யாரும் பழைய உறுப்பினர் இல்லாத ஒரு குழுவை டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்க மேடைகளில் ஏற்றி, வழக்கில் தோற்றுப்போனார் என்பது ஒரு கிளைக்கதை.

கேள்வி: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலைக் கடைசியில் வைத்தது சரியா?

பதில்: சரி என்றே சொல்வேன், அதற்குப் பின் எதை வைத்தாலும் எடுபடாது. ஆனால் இப்பாடலின் மதிப்பை முதலில் உணராதவர்கள் அதைப் படைத்தவர்களே. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரத்துக் கேசினோவில் பதிவு செய்வதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியுடன் போய் இறங்கினார்கள். அங்கே அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் எரிந்து, புகை ஜெனீவா ஏரியின்மேல் படர்ந்தது. இடம் இழந்த குழு, ஆளில்லாத கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரங்களில் வாத்தியங்களைப் பரப்பி 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தது. நடந்ததை நடந்தபடியே சொல்லும் அந்தப் பாடலை விட்டுவிட்டு, 1972இல் அவர்கள் சிங்கிளாக (தனிப்பாடல் தட்டாக) வெளியிட்டது 'நெவர் பிஃபோர்'. 'ஸ்மோக்' அமெரிக்காவில் சிங்கிளாக வந்து நான்காம் இடத்தைப் பிடித்தது 1973இல்தான். இத்தொகுப்பில் 'நெவர் பிஃபோர்' இடம்பெறவே இல்லை. குழுவின் கணிப்பைக் கேட்டவர்களின் நினைவு வென்றிருக்கிறது; அந்த நினைவைப் பின்பற்றியதுதான் இத்தொகுப்பின் பலம் என்பது என் கருத்து.

கேட்கும்போது 'ஸ்மோக்' பாடலின் தொடக்க ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கில்) கிட்டாரை மட்டும் கவனிக்காதீர்கள். பிளாக்மோர் பிக் என்னும் மீட்டும் தகடு இல்லாமல் விரல்களால் இரண்டிரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்ட, லார்டின் ஹேமண்ட் ஆர்கன் ஆம்ப்ளிஃபயர் வழியே உறுமிக்கொண்டு அதே வரியில் வந்து சேர்கிறது. இக்குழுவின் கனம் அந்த இணைப்பில் இருக்கிறது.

கேள்வி: எல்லா ஆல்பங்களும் என்னிடம் உள்ளன. இதை வாங்குவதில் பயனுண்டா?

பதில்: இசைத்தட்டு சேகரிப்பவராக இருந்தால் உண்டு. தொடக்கப் பாடலான 'பிளாக் நைட்' 1970இல் தனி சிங்கிளாக வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம் பெற்றது. அசல் 'இன் ராக்' ஆல்பத்தில் அது கிடையாது. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாடலும் 'டீமன்ஸ் ஐ' பாடலும் 'ஃபயர்பால்' ஆல்பத்தில் இடம் மாறி வந்தவை: முன்னது அமெரிக்கப் பதிப்பில், பின்னது பிரிட்டன் பதிப்பில். இங்கே இரண்டும் ஒரே தட்டில் கிடைக்கின்றன. பின்னாள் மறுபதிப்புகளைக் குறுந்தகட்டில் வாங்கியவருக்கு இந்தத் தேவை எழாது.

கேள்வி: கவர்டேல் காலத்துக்கு இரண்டே பாடல்கள் போதுமா?

பதில்: போதாது. 'பர்ன்', 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆகிய இரண்டும் வேகமான தலைப்புப் பாடல்கள். கவர்டேலின் ப்ளூஸ் குரலை முழுமையாகக் காட்டும் 'மிஸ்ட்ரீட்டட்' இல்லாததால், புதிதாகக் கேட்பவர் அவரைக் கிலனுக்கு மாற்றாள் என்று மட்டுமே எண்ணிவிடக்கூடும். தொகுத்தவர்கள்மீது எனக்கிருக்கும் பெரிய குறை இதுவே. 'டீமன்ஸ் ஐ'க்குப் பதிலாக அதைச் சேர்த்திருக்கலாம்.

கேள்வி: முதன்முறையாகக் கேட்கப்போகிறேன். இதில் தொடங்கலாமா, 'மேட் இன் ஜப்பான்' மேடைப்பதிவு ஆல்பத்தில் தொடங்கலாமா?

பதில்: இதில் தொடங்குங்கள். பாடலின் வடிவம் காதில் பதிந்தால்தான் அதை மேடையில் அவர்கள் எப்படிக் கலைத்தார்கள் என்பது புரியும். குறிப்பாக, பத்து நிமிடத்தைத் தாண்டும் 'சைல்டு இன் டைம்' பாடலைக் குறைக்காமல் கேளுங்கள். அதன் ஆர்கன் தொடக்கம், 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்னும் அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' மெட்டிலிருந்து வந்தது. கிலன் முணுமுணுப்பில் தொடங்கிச் சொற்களை விட்டுவிட்டு அலறலுக்கு ஏறுவதைக் கேட்டபின், 1972 ஆகஸ்ட்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான அந்த மேடைத்தட்டுக்குச் செல்லுங்கள்.