உருளைக்கிழங்கின் குட்டி ஆர்.என்.ஏ.: மலை வாசகர்களின் கேள்விகள்

புரதம் எதையும் உருவாக்காத மரபணுவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (கல்லூரி மாணவி, ஊட்டி)

அத்தகைய மரபணுக்களில் ஒரு வகை, மற்ற மரபணுக்களை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டி ஆர்.என்.ஏ.வைத் தருகிறது. அதைத் தேட, இலை, வேர், கிழங்கு இவற்றின் ஆர்.என்.ஏ.வில் (மரபணுவின் நகலில்) 20 முதல் 24 எழுத்து (எழுத்து என்பது அதன் ஓர் அலகு) நீளமுள்ள துண்டுகளைப் பிரித்து வரிசை படிப்பார்கள். அந்த வரிசை ஜீனோமில், அதாவது செடியின் முழு மரபுத் தொகுப்பில், எங்கே பொருந்துகிறது என்று தேடுவார்கள். பொருந்தினால் மட்டும் போதாது. அவ்விடத்தில் பிறக்கும் நீண்ட ஆர்.என்.ஏ. கல்லட்டிச் சாலையின் கொண்டை ஊசி வளைவு போலத் தன்மேலேயே மடிய வேண்டும். ஆர்.என்.ஏ.வை வெட்டும் டைசர் வகை நொதி அதை வெட்டியதற்குச் சாட்சியாக, மடிப்பின் எதிர்ப்பக்கத் துண்டும் கிடைக்க வேண்டும். இவை இல்லாததை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று தயவுசெய்து எழுதாதீர்கள், சிதைந்த ஆர்.என்.ஏ.வும் இதே நீளத்தில் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் வெளியான உருளை ஜீனோம் 12 குரோமோசோம்களின் வரைபடம். நம் தோட்டத்து உருளை ரகமான குப்ரி ஜோதியோ நான்மடி, அதாவது அந்த 12இன் நான்கு தொகுதிகள் கொண்டது; அதற்கு 48 குரோமோசோம்கள். ஒரு துண்டு எந்தத் தொகுதியிலிருந்து வந்தது என்று சொல்வது கடினம். போதாததற்கு, ஒரே குட்டி ஆர்.என்.ஏ. பல இடங்களில் பிறக்கலாம். ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில், 172 என்று எண்ணிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு ஐந்து மரபணுக்கள். வெட்டி முடிந்த 21 எழுத்துத் துண்டை அளந்தால் மொத்தக் கணக்குதான் வரும். எந்த மரபணு, எந்த உறுப்பில், எப்போது இயங்கியது என்று அறிய, வெட்டுப்படாத முன்னோடி ஆர்.என்.ஏ.வைத் தனித்தனியாக அளக்க வேண்டும். பலர் இந்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இதனால் எங்களுக்கு என்ன பயன்? (விவசாயி, கேத்தி)

கிழங்கு எப்போது பிடிக்கும் என்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு, ஐயா. மைக்ரோ ஆர்.என்.ஏ. 172ஐ மிகுதியாக்கிய செடி, பகல் நீண்ட நாளிலும் கிழங்கு வைத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 156ஐ மிகுதியாக்கிய ஆண்டிஜெனா என்ற உருளை வகையில் மண்ணுக்குள் விளைச்சல் குறைந்து, தண்டில் கிழங்கு காய்த்தது. இந்த 156 ஆய்வு, புனேயிலுள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) 2014இல் வெளியிட்டது. ஆனால் இவை ஆய்வுக்கூடச் செடிகள். 1961இல் நீலகிரியில் கண்டறிந்த முட்டைக்கூடு நூற்புழுவுக்கு (உருளையின் வேரைத் தாக்கும் நுண்புழு) இன்றைக்கும் நல்ல விதைக்கிழங்கு, பயிர் சுழற்சி போன்ற வழிகள்தான் துணை.

பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. தரமாக இருந்தும் குட்டி ஆர்.என்.ஏ. வரவில்லையே? (ஆசிரியர், கொடைக்கானல்)

நீங்கள் ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்த கிட்டைப் பாருங்கள். வழக்கமான கிட்டில் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வைக்கும் சிலிக்கா குழல் (column), 200 எழுத்துக்குக் குறைந்த ஆர்.என்.ஏ.வைப் பெரும்பாலும் கழுவி விட்டுவிடும். எத்தனால் அளவைக் கூட்டுங்கள், அல்லது குட்டி ஆர்.என்.ஏ.வுக்கென உள்ள கிட் வாங்குங்கள்.

வைரஸ் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (பூம்பாறை)

உண்டு. வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் செடி துண்டாக்கி, அத்துண்டுகளைக் கொண்டே மிச்ச வைரஸையும் தேடி அழிக்கும். 1999இல் ஹாமில்டன், பால்கோம்ப் என்ற ஆய்வாளர்கள் உருளை எக்ஸ் வைரஸ் தாக்கிய செடிகளில் அத்துண்டுகளைக் கண்டார்கள்.