ஆஃப் பண்ணாமலே கார்டைக் கழட்டலாமா?

கேள்வி: டெலிகாம் ரேக்ல, அதான் போன் நெட்வொர்க் மெஷின்களை அடுக்கிவைக்கிற அலமாரில, கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சர்க்யூட் கார்டை உருவிட்டு வேற மாட்டுறாங்களே, ஷார்ட் ஆகாதா? – வாசகர், ஓசூர்

பதில்: ஆகாது, ஆனா அதுக்குன்னே செஞ்ச கார்டா இருக்கணும், வீட்டு கம்ப்யூட்டர்ல ராமை உருவிப் பாத்துடாதீங்க! இந்த மாதிரி டெலிகாம் கார்டுகளுக்குன்னே அட்வான்ஸ்டு டிசிஏன்னு ஒரு ஸ்டாண்டர்டு, பிக்மிக்ங்கிற கம்பெனிகள் கூட்டமைப்பு 2002 கடைசில கொண்டுவந்தது. இதுல பின்னெல்லாம் ஒரே நீளம் கிடையாது, கார்டைத் தள்ளும்போது முதல்ல கிரவுண்ட் தொடும், அப்புறம் மைனஸ் 48 வோல்ட் பவர், கடைசியாத்தான் குட்டையான எனேபிள் பின், அது தொட்டாத்தான் உள்ள மெயின் சப்ளை ஆன் ஆகும். கழட்டுறப்போ அப்படியே தலைகீழ்.

எனக்குப் பிடிச்சது கார்டு முகப்புல இருக்கிற நீல லைட்டுதான். கைப்பிடியை லேசா திறந்தா படபடன்னு மின்னும், அதாவது ஷெல்ஃப் மேனேஜர்கிட்ட (எல்லா கார்டையும் கண்காணிக்கிற கன்ட்ரோலர்) கார்டு 'கிளம்பட்டுமா'ன்னு கேக்குது, அது சரின்னு சொல்லி கார்டு வேலையெல்லாம் நிறுத்தினப்புறம் லைட் மின்னாம நின்னு எரியும், அப்பத்தான் உருவணும். சில அவசரக்குடுக்கைங்க மின்னும்போதே இழுத்துடுவாங்க, ஸ்டாண்ட்பை கார்டு இல்லேன்னா ஓடிக்கிட்டிருந்த வேலை அம்போ.

இதோட தம்பி மைக்ரோ டிசிஏ, சைஸ் சின்னது. ஜெர்மனில ஹாம்பர்க் பக்கம் இருக்கிற யூரோப்பியன் எக்ஸ்ரே லேசர்ங்கிற பெரிய ஆராய்ச்சி மெஷினோட கன்ட்ரோலுக்கு இதைத்தான் வெச்சிருக்காங்க.