விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே

வாசகர் கேள்வி – பதில்

பண்டிகைக் காலத்தில் காட்டு மரங்களுக்கு விளக்கு கட்டி, இருட்டிய பிறகு மக்கள் நடந்து பார்க்கத் திறந்துவிடும் ஒளிப்பாதைகளைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு போகிறவர்கள் கேட்டவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். விளக்கு இருக்கும் இடத்தில் குழந்தைகள் தாமாகவே மகிழ்ச்சியாக இருப்பார்கள். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவே இருக்கிற இருட்டு, குளிர், காத்திருப்பு ஆகியவற்றுக்குத்தான் நாம் தயாராக வேண்டும்.

கேள்வி: பாதையின் நீளம் ஒன்றரை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை வயது. நடந்து முடிக்க முடியுமா? எந்த நேரத்துக்கு டிக்கெட் எடுப்பது?

பதில்: முடியும், ஆனால் நேரம் பிடிக்கும். பெரியவர்கள் நிற்காமல் நடந்தால் ஒன்றரை கிலோமீட்டருக்கு 20, 25 நிமிடம் போதும். நாலு வயதுக் குழந்தை ஒவ்வொரு விளக்கின் முன்னாலும் நிற்கும், தன் நிழலோடு விளையாடும், தாண்டி வந்ததை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கும். ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடப்பதும் நுழைவாயில் வரிசையில் நிற்பதும் இதில் சேராது. குழந்தையின் தெம்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும் என்பதால், வரிசை நகரும் வரை பெரியவளையும் தூக்கிக்கொள்ளுங்கள் அல்லது தள்ளுவண்டியில் உட்கார வையுங்கள். நடை உள்ளே தொடங்கட்டும்.

சிறு குழந்தை இருந்தால் முதல் நுழைவு நேரத்தையே எடு என்று பலரும் சொல்வார்கள். அது பாதி சரி. சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரம் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். அதற்குள் நுழைந்தால் முதலில் வரும் விளக்குகள் வெளிறித் தெரியும். அன்றைய சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து, அதற்கு 30 நிமிடம் கழித்து வரும் நுழைவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மரங்கள் அடர்ந்த இடமாக இருந்தால் 20 நிமிடமே போதும். பிறகு குழந்தை தூங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் படுக்கைக்குப் போக முடியாத நாளாக இருந்தால் அன்று பகலில் ஒரு தூக்கம் போட வையுங்கள். உள்ளே நுழைவதற்கு முன்பே வயிறு நிறைந்திருக்க வேண்டும். பசி வந்த குழந்தைக்கு எந்த விளக்கும் கண்ணில் படாது.

இன்னொன்று: இவை பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள். இருட்டில் எதிரெதிரே வருகிறவர்கள் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் திரும்பி நடக்க விடமாட்டார்கள். அதனால் நுழையும்போதே கழிப்பறை எத்தனை இடத்தில் இருக்கிறது, பாதியில் வெளியேறக் குறுக்குவழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படாத நாளிலும் அந்தப் பதில் உங்களை நிதானமாக நடக்க வைக்கும்.

கேள்வி: போன தடவை எத்தனை ஸ்வெட்டர் போட்டும் குழந்தைக்கு நடுங்கியது. என்ன தவறு?

பதில்: எண்ணிக்கையில் தவறு இருந்திருக்காது. முதலில் பார்க்க வேண்டியது உள்ளாடை. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓடியாடி வியர்த்த குழந்தை நின்றவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். கழற்றி மாட்டச் சுலபமாக இருக்கட்டும்.

அடுத்தது பாதம். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி ஷூவுக்குள் திணிப்பதுதான் நாங்கள் அதிகம் கேள்விப்படும் பிழை. ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றும் இருக்காது. ஒரு ஜோடி தடித்த கம்பளி சாக்ஸ், விரல்களை அசைக்க இடமிருக்கும் ஷூ, இவை போதும். கையுறையில் விரல் விரலாகப் பிரிந்ததைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் வகையே சிறு குழந்தைக்குக் கதகதப்பு. அதை ஒரு கயிற்றில் கோத்து ஜாக்கெட் கைகளுக்குள் விட்டுவிடுங்கள். இருட்டில் விழுந்த கையுறை திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

மூன்றாவது, தள்ளுவண்டி. நடக்கிற நமக்கு உடம்பு சூடேறும். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஏறாது. வண்டியில் இருப்பவருக்கு நம்மைவிட ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும். கை குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கழுத்தின் பின்புறம் அல்லது மார்பில் விரல் வைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். வண்டியின் வாயைக் கம்பளியால் மூடிவிடவே கூடாது. உள்ளே காற்றோட்டம் நின்று சூடு தேங்கும். கைக்குழந்தையை மார்போடு கட்டித் தூக்கினால் நம் உடம்புச் சூடும் சேரும். அங்கே ஓர் அடுக்கைக் குறைக்கலாம். முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பில் அழுந்தக் கூடாது.

திரும்பும்போது காரில் பருத்த ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையில் கட்டாதீர்கள். மோதல் நேர்ந்தால் ஜாக்கெட் அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரை இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போர்த்துங்கள்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு இருட்டென்றால் பயம். கூட்டிப் போகலாமா?

பதில்: கூட்டிப் போகலாம். பயத்தில் ஒரு பங்கு கண்ணின் வேலைமுறையால் வருகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தவுடன் யாருக்கும் எதுவும் தெரியாது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை ஃபோன் டார்ச்சைக் கண்ணில் பட அடித்தால் அந்தப் பழக்கம் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் நுழைந்ததும் அவசரப்படாமல் முதல் சில நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள். தரையைப் பார்க்க ஒரு சிறிய டார்ச் தேவை. சிவப்புக் காகிதம் ஒட்டி, முழங்காலுக்குக் கீழே மட்டும் காட்டுங்கள். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அதிகம் பாதிக்காது. டார்ச்சைப் பையன் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. இருட்டு அவன் ஆட்சிக்குள் வந்துவிடும்.

போவதற்கு முன் இரண்டு மூன்று மாலை வீட்டு விளக்குகளை அணைத்து, அதே டார்ச்சோடு அறை அறையாக நடந்து பழகுங்கள். பாதையில் திடீரென அசைகிற, பேசுகிற உருவங்கள் உண்டா என்று வாசலில் கேட்டு, உண்டென்றால் மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "பயப்படாதே" என்று சொல்வதைவிட, "அடுத்த வளைவில் ஓர் ஆந்தை பேசும்" என்று சொல்வது கூடுதல் பலன் தரலாம். தோளில் உட்கார வைக்க வேண்டாம். நமக்குத் தெரியாத தாழ்ந்த கிளையும் விளக்குக் கம்பியும் அவன் முகத்துக்கு நேரே வரும்.

கேள்வி: தள்ளுவண்டி காட்டுப் பாதையில் ஓடுமா?

பதில்: காற்றடைத்த பெரிய சக்கரம் ஓடும். உள்ளங்கை அளவு இரட்டைச் சக்கரங்கள் மரச்சில்லு பரப்பிய இடத்திலும் சேற்றிலும் புதையும். பாதைக்குக் குறுக்கே மின்கம்பிகளை மூடியிருக்கும் ரப்பர் மேடுகளில் முன்சக்கரம் முட்டி வண்டி குப்புறச் சாயவும் வாய்ப்புண்டு. அங்கே வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் ஏறும்படி இழுங்கள். கைப்பிடியில் கனமான பை தொங்கவிட்டால் குழந்தையைத் தூக்கியவுடன் வண்டி பின்னால் கவிழும்.

கேள்வி: வழியில் விற்கும் ஒளிரும் பொம்மைகளை வாங்கித் தரலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஒளிரும் கோல், மோதிரம், தலைப்பட்டை எல்லாவற்றின் உள்ளேயும் பெரும்பாலும் பட்டன் பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வில்லைதான் மிக ஆபத்தானது. குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். முதலில் வெறும் இருமல், எச்சில் வடிதல், சாப்பிட மறுப்பது போலத்தான் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது.

பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். நகத்தால் நெம்பித் திறக்க முடிந்தால் வாங்காதீர்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வேறு உணவும் தண்ணீரும் தரக் கூடாது. குழந்தைக்கு ஒரு வயது கடந்திருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமலும் இருந்தால், போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. தேன் அரிப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ பேட்டரியைத் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

வளைத்தால் ஒளிரும் குச்சிகளில் பேட்டரி கிடையாது. கடித்து உடைந்தால் உள்ளிருக்கும் திரவம் வாயை எரிக்கும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வையுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரால் கழுவுங்கள். சின்னக் குழந்தைக்குக் கையில் தராமல் வண்டியில் எட்டாத இடத்தில் கட்டிவிடலாம். கூட்டத்தில் வண்டியை அடையாளம் காணவும் உதவும்.

கேள்வி: மகளுக்கு வலிப்பு வந்த வரலாறு உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வீசிங். எதற்கு எச்சரிக்கை வேண்டும்?

பதில்: ஒளியால் தூண்டப்படும் வலிப்பு எல்லாருக்கும் வருவதல்ல. மகளுக்கு அந்த வகையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வகை என்றால் விநாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் விளக்குதான் பொதுவாக ஆபத்து. எந்தப் பகுதியில் அப்படி மின்னும் விளக்குகள் உள்ளன, சுற்றிப் போக வழி உண்டா என்று டிக்கெட் எடுக்குமுன் கேட்டு உறுதி செய்யுங்கள். எதிர்பாராமல் எதிர்ப்பட்டால் கண்ணை மூடுவது மட்டும் போதாது, இமை வழியாகவும் ஒளி புகும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுவதும் மறைத்து அங்கிருந்து திருப்பி அழைத்துச் செல்லுங்கள்.

வீசிங் உள்ள குழந்தைக்கு விறகு நெருப்புப் புகை, இயந்திரம் விடும் பனிமூட்டம், குளிர்ந்த காற்று மூன்றும் தொந்தரவு தரலாம். இன்ஹேலரும் அதோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரும் கையில் இருக்கட்டும், கார் பெட்டியில் வேண்டாம். காற்று வரும் திசையில் நின்று நெருப்பைப் பார்த்தால் புகை எதிர்ப்பக்கம் போகும்.

கேள்வி: படம் எடுத்தால் குழந்தை கலங்கலாக விழுகிறது.

பதில்: ஃபோனின் இரவு முறை ஓரிரு விநாடி அசையாமல் இருக்கச் சொல்லும், குழந்தை இருக்காது. அதை அணையுங்கள், ஃபிளாஷையும் அணையுங்கள். விளக்குக்கு முதுகு காட்டி நிறுத்தாமல், ஒரு மீட்டர் தூரத்தில் விளக்கைப் பார்த்தபடி நிறுத்துங்கள். சிவப்பு, நீல ஒளியில் முகம் தட்டையாகிவிடும். மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியைத் தேடுங்கள். கேமரா என்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200 வரை, ஷட்டர் வேகம் 1/100 விநாடி சரியாக வரும். படத்தில் கோடு கோடாக விழுந்தால் எல்இடி துடிப்புதான் காரணம். வேகத்தை 1/50 அல்லது 1/60க்குக் குறைத்துப் பாருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; ஃபோனை உள்பையில் வையுங்கள்.

கேள்வி: கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

பதில்: நுழையும்போது அன்றைய உடையோடு முழு உருவப் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஜாக்கெட் நிறம்கூட நினைவுக்கு வராது. உங்கள் ஃபோன் எண்ணைக் குழந்தையின் மணிக்கட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். பணியாளர் அணியும் பளபளக்கும் மேலங்கியைக் காட்டி, "அம்மா அப்பாவைக் காணோம் என்றால் நின்ற இடத்திலேயே நில்லு, இந்தச் சட்டை போட்டவரைக் கூப்பிடு" என்று சொல்லிக் கொடுங்கள். காணவில்லை என்று தெரிந்த நிமிடமே பணியாளரிடம் சொல்லுங்கள். வெளிவாயிலை அவர்களால்தான் கண்காணிக்க முடியும்.

கேள்வி: நெருப்பில் மார்ஷ்மெல்லோ சுட்டுத் தருகிறார்கள், சூடான சாக்லேட்டும் உண்டு. கொடுக்கலாமா?

பதில்: முழு மார்ஷ்மெல்லோ ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். மெத்தென்று விரிந்து மூச்சுக்குழலை அடைக்கும். பெரிய குழந்தைக்கும் சுட்டதை ஒரு நிமிடம் ஆற வைத்தே கொடுங்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சாக்லேட்டில் பாதிக்குப் பாதி குளிர்ந்த பால் ஊற்றச் சொல்லுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் சூடாக எதையும் குடிக்காதீர்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பனிக்கட்டியோ பற்பசையோ வைக்காதீர்கள்.

கேள்வி: மழையில் திறந்திருந்தார்கள், வெறும் காற்றடித்த நாளில் மூடிவிட்டார்கள். ஏன்?

பதில்: மழை விளக்கை ஒன்றும் செய்யாது, அவை வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்டவை. பலத்த காற்றில் காய்ந்த கிளை முறிந்து பாதையில் விழும். அதனால் காட்டுக்குள் காற்றுக்குத்தான் மூடுவார்கள், பெரும்பாலும் அன்று மதியம்தான் முடிவு தெரியும். கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள். மூடியிருந்தால் பணம் திரும்பத் தருவார்களா, தேதி மாற்றுவார்களா என்பது டிக்கெட் விதியில் இருக்கும்.